நெளிந்து உடையும் இருட்டலை

திருவனந்தபுரம் வள்ளக்கடவிலிருந்து வேளி வழியாகக் கடினங்குளம் காயல் வரை போகும் பார்வதி புத்தனாறு 1824-ல் வெட்டப்பட்டது. ராணி கௌரி பார்வதி பாய் திருவிதாங்கூரை ஆண்ட காலம் அது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1822-ல், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்துக்குச் சரக்கு கொண்டுவர யூனியன் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. இரண்டும் குறுகலானவை, ஆழமற்றவை. ஒன்றில் ஆள் கழி ஊன்றித் தள்ளும் வள்ளம் போனது. மற்றதில் கரையில் ஓடும் குதிரைகள் படகை இழுத்தன. இயற்பியல் வரலாற்றில் இடம்பிடித்தது குதிரைகள் ஓடிய கால்வாய்தான்.

1834 ஆகஸ்டில் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற 26 வயதுப் பொறியாளர் அந்தக் கரையில் குதிரைமேல் இருந்தபடி படகு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். படகு சட்டென்று நின்றது. அதன் முன்னால் குவிந்திருந்த தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. சுமார் 30 அடி நீளமும் ஓரடி, ஒன்றரையடி உயரமும் கொண்ட ஒற்றை மேடாகத் திரண்டு, மணிக்கு எட்டொன்பது மைல் வேகத்தில் கால்வாயோடு ஓடியது. உருவம் குலையவில்லை, வேகமும் குறைந்ததாகத் தெரியவில்லை. ரஸ்ஸல் குதிரையை விரட்டிக்கொண்டு ஒன்றிரண்டு மைல் பின்தொடர்ந்தார். கால்வாய் வளைந்து திரும்பிய ஓரிடத்தில் அதைத் தவறவிட்டார்.

ஆழமற்ற நீரில் நீண்ட அலையின் வேகத்தைக் கணக்கிடுவது எளிது: ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு விநாடிக்கு 3.8 மீட்டர், அதாவது மணிக்கு 14 கிலோமீட்டர் வருகிறது. ரஸ்ஸல் சொன்ன எட்டொன்பது மைலும் இதுதான். அப்படியோர் அலையை எழுப்ப, படகும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வந்து நிற்க வேண்டும். கழி ஊன்றிப் போகும் வள்ளத்துக்கு அது நடக்கிற காரியம் இல்லை. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவுக்கு எவ்வளவு சரக்கு வந்திறங்கியிருந்தாலும் பார்வதி புத்தனாற்றில் ஒற்றை அலை எழுந்திருக்க வாய்ப்பில்லை. இன்று அதன் நீர்ப்பரப்பைக் குளவாழையும் சாக்கடையும் பங்குபோட்டுக்கொண்டிருப்பது வேறு கதை.

ரஸ்ஸல் சொன்னதை அக்காலப் பெரிய தலைகள் எளிதில் ஏற்கவில்லை. வானியலாளர் ஜார்ஜ் ஏரி அப்படி ஓர் அலை இருக்க முடியாது என்ற பக்கமே நின்றார். 1895-ல் நெதர்லாந்தின் கோர்ட்டவெக், டி விரீஸ் இருவரும் அதற்கான சமன்பாட்டை எழுதினார்கள். 1965-ல் அமெரிக்காவில் சபுஸ்கியும் கிரஸ்கலும் அதைக் கணினியில் ஓடவிட்டு, இரண்டு ஒற்றை அலைகள் மோதிக்கொண்டபின் பழைய உருவத்தோடேயே பிரிந்து போவதைப் பார்த்தார்கள். துகள்போல நடந்துகொள்வதால் அதற்குச் சாலிட்டான் என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் ஒளியிழைகளிலும் காந்தங்களிலும் பிளாஸ்மாவிலும் சாலிட்டான்களைத் தேடி ஒரு கூட்டமே கிளம்பியது. தமிழ்நாட்டில் அந்தத் தேடலின் முகவரி திருச்சிராப்பள்ளி. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எம். லட்சுமணனும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகளாக இந்தச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு அலைக்கூறுகள் கொண்ட சாலிட்டான்கள் மோதும்போது தமக்குள் ஆற்றலைக் கைமாற்றிக்கொள்ளும், பழைய உருவத்தோடு வெளியேற வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை என்று ராதாகிருஷ்ணன், லட்சுமணன், ஹியட்டரிண்டா மூவரும் 1997-ல் காட்டியது உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் முடிவு.

ரஸ்ஸலின் அலைக்கு இருந்த ஒரு வசதியைப் பலரும் கவனிப்பதில்லை. அதற்கு இரு பக்கமும் சுவர். முன்னால் ஓடலாம், பின்னால் ஓடலாம். பக்கவாட்டில் வளைய இடமே கிடையாது. சுவர்களை எடுத்துவிட்டால்?

சோவியத் இயற்பியலாளர்கள் காடம்ட்சேவும் பெட்வியாஷ்விலியும் 1970-ல் கேட்ட கேள்வி இதுதான். விடை ஊடகத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். நெட்டலை வேகமாகவும் குட்டையலை மெதுவாகவும் போகும் ஊடகமானால், ஒற்றை அலையின் முகப்பு லேசாக வளைந்தாலும் தானே நிமிர்ந்துவிடும். குட்டையலை வேகமாகப் போகும் ஊடகத்தில் வளைவு மேலும் மேலும் வளரும். கடல்நீர் முதல் வகை. அந்தமான் கடலுக்கடியில், மேலே இளஞ்சூட்டு நீரும் கீழே குளிர்ந்த நீரும் சந்திக்கும் எல்லையில் பிரம்மாண்டமான ஒற்றை அலைகள் ஓடுகின்றன. ஆஸ்போர்னும் பர்ச்சும் 1980-ல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அவற்றின் முகப்புகளை விண்ணிலிருந்து எடுத்த படங்களில் பார்க்கலாம். எந்தச் சுவரும் இல்லாமல் அவ்வளவு நீளத்துக்கு அவை சிதையாமல் போகின்றன.

இரண்டாவது வகை ஊடகத்தை நல்ல தூய்மையோடு பார்க்க, கடலிலிருந்து வெகுதூரம் போக வேண்டும்: வெற்றிடக் கலத்துக்குள் மிதக்கும், கெல்வினில் கோடியில் ஒரு பங்கு வெப்பநிலை கொண்ட ஒரு வாயுத் துளிக்கு.

அதன் விதை டாக்காவில் விழுந்தது. 1924-ல் டாக்கா பல்கலைக்கழகத்தின் சத்யேந்திர நாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணுவதற்கு ஒரு புது வழியை எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பிறகு அதே எண்ணிக்கை முறையை அணுக்களுக்கும் பொருத்தினார். போதுமான அளவு குளிர்ந்தால் அணுக்கள் கூட்டங்கூட்டமாக ஒரே குவாண்டம் நிலைக்குள் போய் விழும் என்று கணக்கு சொன்னது. எழுபது வருடம் அது தாளிலேயே இருந்தது. 1995 ஜூனில் அமெரிக்காவின் கொலராடோவில் கார்னெல், வீமன் இருவரும் ருபீடியம் அணுக்களை 170 நானோகெல்வினுக்குக் குளிர்வித்து அதைச் செய்து காட்டினார்கள். சில மாதங்களில் எம்.ஐ.டி.யில் வுல்ப்காங் கெட்டர்லே சோடியத்தில் செய்தார். 2001-ல் மூவருக்கும் நோபல் கிடைத்தது.

இந்தப் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள், நாம் சுவாசிக்கும் காற்றைவிடச் சுமார் லட்சம் மடங்கு அடர்த்தி குறைந்தது. ஆனாலும் அது மீப்பாய்மம், உராய்வில்லாமல் ஓடும். துளியில் உள்ள அத்தனை அணுக்களும் ஒரே அலையின் பகுதிகள். அந்த அலைக்கு ஒவ்வோர் இடத்திலும் ஓர் அடர்த்தி உண்டு, அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு கட்டமும் உண்டு. கட்டம் இடத்துக்கு இடம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ அதுதான் அந்த இடத்தில் பாய்மத்தின் வேகம். குரோஸும் பிட்டயெவ்ஸ்கியும் 1961-ல் தனித்தனியே எழுதிய ஒரே சமன்பாடு இதன் நடத்தையை வியக்கத்தக்க துல்லியத்தோடு சொல்லிவிடும்.

இந்த வாயுவில் உருவாகும் ஒற்றை அலை ரஸ்ஸலின் அலைக்கு எல்லா வகையிலும் எதிர். அது மேடாக இல்லாமல் பள்ளமாக இருக்கும். ஒலியைவிட வேகமாகப் போகாது, மெதுவாகவே போகும். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு மெதுவாக. முழு ஆழமாக, நடுவில் அடர்த்தி சுழியாக இருந்தால் அசையாமல் நிற்கும். அந்தப் பள்ளத்தின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே கட்டம் அரைச் சுற்று தாவியிருக்கும். ஒளியலைகளில் இதே பள்ளம் இருண்ட கோடாகத் தெரிவதால் இதற்கு இருட்டுச் சாலிட்டான் என்று பெயர். கோடு என்று சொன்னாலும் முப்பரிமாணத்தில் அது ஒரு தாள்: துளியைக் குறுக்கே அறுத்து நிற்கும் ஒரு வெற்றுத் தாள். அதன் தடிமன் ஒரு மைக்ரான்கூட இருக்காது. பாய்மத்தில் ஓர் இடத்தில் அடர்த்தி குலைந்தால், எவ்வளவு தூரம் தள்ளி அது பழைய நிலைக்குத் திரும்புமோ அந்த மீள்நீளம்தான் தாளின் தடிமனைத் தீர்மானிக்கிறது.

அதை உண்டாக்கும் வழி அழகானது. துளியின் ஒரு பாதியை மறைத்துவிட்டு மறுபாதியின்மேல் மட்டும் சில மைக்ரோவிநாடிகள் லேசர் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். அணுக்கள் உறிஞ்சிக்கொள்ளாத நிறத்தில் ஒளி இருப்பதால் ஒன்றும் சூடேறாது. வெளிச்சம் பட்ட பாதியின் கட்டம் மட்டும் நகரும். சரியாக அரைச் சுற்று நகர்ந்ததும் நிறுத்திவிட்டால், வெளிச்சமும் நிழலும் சந்தித்த எல்லையில் தாள் தானாக உருவாகிவிடும். 1999-ல் ஜெர்மனியின் ஹானோவரில் ருபீடியத்திலும், 2000-ல் அமெரிக்கத் தர நிர்ணய ஆய்வகத்தில் சோடியத்திலும் இப்படித்தான் செய்தார்கள்.

செய்தவர்களுக்கு ஒரு விஷயம் முன்பே தெரியும்: இந்தத் தாள் நிலைக்காது. குஸ்நெட்சோவும் துரித்சினும் 1988-லேயே கணக்குப் போட்டிருந்தார்கள். பாம்புபோல நெளிந்து உடையும் என்பதால் துறைக்காரர்கள் அதைப் பாம்பு நிலையின்மை என்கிறார்கள். 1996-ல் ஒளிக்கற்றைகளில் அதே நெளிவு பார்க்கப்பட்டுவிட்டது.

ஏன் நெளிகிறது என்பதற்கு நீண்ட கணிதம் உண்டு. ஆனால் கம்ச்சட்நோவும் பிட்டயெவ்ஸ்கியும் 2008-ல் கொடுத்த விளக்கம் இரண்டே வரியில் அடங்கும். இறுக்கிக் கட்டிய மத்தளத் தோலை விரலால் அழுத்திவிட்டால் மேலெழுந்து நேராகிவிடும். இழுவிசை அதைப் பின்னுக்கு இழுக்கிறது, தோலின் நிறை அந்த விசைக்குக் கீழ்ப்படிகிறது. இருட்டுத் தாளுக்கும் இழுவிசை உண்டு. பரப்பு கூடினால் ஆற்றல் கூடும் என்பதால் சுருங்கவே பார்க்கும். கோளாறு நிறையில் இருக்கிறது. அசையாத சாலிட்டானுக்குத்தான் ஆற்றல் மிக அதிகம்; ஓட ஓட ஆற்றல் குறைந்து, ஒலியின் வேகத்தை நெருங்கும்போது பள்ளமே நிரம்பி மறைந்துவிடும். வேகம் கூடினால் ஆற்றல் குறைகிற பொருளுக்கு நிறை எதிர்க்குறி. இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் போகும். ஆகவே தாளில் ஓரிடம் அற்பமாக முன்னே துருத்தினால், இழுவிசை அதைப் பின்னே இழுக்க, எதிர்நிறை அதை இன்னும் முன்னே தள்ளுகிறது. துருத்தல் இரட்டிக்கிறது, மறுபடி இரட்டிக்கிறது. நேராக்க வேண்டிய விசையே கெடுக்கிறது.

உராய்வும் இதேபோலத் தலைகீழாகவே வேலை செய்யும். வெப்பத்தால் கொஞ்சம் ஆற்றலை இழந்த இருட்டுச் சாலிட்டான் வேகம் கூடி ஓட ஆரம்பிக்கும். வாழ்க்கையில் பார்த்த எதையும் துணைக்கு வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முயல்வது வீண்வேலை.

தப்பிக்க ஒரு வழி உண்டு. அது ரஸ்ஸலின் வழிதான். துளியை ஊசிபோல ஒல்லியாக அழுத்தி, அதன் குறுக்களவு மீள்நீளத்தின் சில மடங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் தாளுக்கு நெளிய இடமிருக்காது. ஹாம்பர்க் குழுவினர் 2008-ல், அணுக்களை அடைத்துவைக்கும் அப்படியோர் ஒல்லியான பொறியில் இருட்டுச் சாலிட்டான்கள் ஊசலாடுவதை விநாடிக்கணக்கில் பார்த்தார்கள். அணுக்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் வாயுவில் உருவாகும் மேடான, பளிச்சென்ற சாலிட்டான்களுக்கும் அதே விதி. பாரிஸிலும் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலும் 2002-ல் லித்தியத்தில் அவற்றை உண்டாக்கியது மெல்லிய பொறிகளில்தான். இடம் கொடுத்தால் அவை நெளிவதில்லை. உள்ளுக்குள்ளேயே இடிந்து விழுகின்றன. 2001-ல் ருபீடியம்-85 துளியொன்று அப்படி இடிந்து ஒரு பகுதி அணுக்களை வெளியே பீச்சியடித்தபோது, சூப்பர்நோவாவை நினைத்துக்கொண்டு அதற்கு போஸநோவா என்று பெயரிட்டார்கள். விஞ்ஞானிகளின் நகைச்சுவை இந்த அளவில்தான் இருக்கும்.

துளியைத் தடிமனாக வைத்து, தாள் உடைவதைப் பார்ப்பதற்காகவே உடையவிட்ட முதல் சோதனைகளில் ஒன்று கொலராடோவில் கார்னெலின் குழுவில் நடந்தது, 2001-ல் வெளியானது. அவர்கள் செய்த தந்திரம்தான் இந்த அத்தியாயத்தின் கதாநாயகன் என்று சொல்லலாம். ருபீடியத்தின் ஒரே அணுவுக்கு இரண்டு உள்நிலைகள் உண்டு. மைக்ரோஅலையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முடியும். தாளின் பள்ளத்தில் இரண்டாம் நிலை அணுக்களை நிரப்பி முட்டுக்கொடுத்தார்கள். நிரம்பிய தாள் தடித்து, நிதானமாக நின்றது. பிறகு நிரப்பியதை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாக வெளியேற்றினார்கள். முட்டு போனதும் தாள் நெளிந்து உடைந்தது. உடைந்த இடத்தில் கிடைத்தவை சுழல் வளையங்கள்: மீப்பாய்மம் வளையமாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஓடும் உருவங்கள். அதே ஆண்டில் ஹார்வர்டில் லீனே ஹௌவின் குழு, ஒளியையே மெதுவாக்கிச் சோடியம் துளிக்குள் ஓர் ஓட்டை போட்டு, அதிலிருந்து கிளம்பிய சாலிட்டான்கள் சுழல்களாகச் சிதைவதைக் கண்டது.

சாலிட்டான் ஏன் சுழலாக வேண்டும்? கட்டத்தில் இருக்கும் அரைச் சுற்றுத் தாவலை ஒன்றுமில்லாமல் செய்துவிட முடியாது. தாள் ஓரிடத்தில் கிழிந்தால், கிழிசலின் விளிம்பைச் சுற்றிவரும்போது கட்டம் சரியாக ஒரு முழுச் சுற்று மாறியிருக்க வேண்டும். அரையோ முக்காலோ ஆகாது. அப்படி முழுச் சுற்று மாறும் கோடுதான் குவாண்டம் சுழல். அது பாய்மத்தின் நடுவில் முடியவும் முடியாது. வளையமாக மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் துளியின் ஓரத்தைத் தொட்டு நிற்க வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தின் முழுக் கனமும் எம்.ஐ.டி.யில் மார்ட்டின் ஸ்வியர்லைனின் குழுவுக்குப் பின்னாளில் தெரிந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது லித்தியம்-6. இது ஃபெர்மியான்; தனியணுவாக மீப்பாய்மம் ஆகாது, ஜோடி சேர்ந்த பிறகுதான் ஆகும். காந்தப்புலத்தை மாற்றினால் ஜோடியின் இறுக்கத்தை இஷ்டப்படி மாற்றலாம்: ஒரு முனையில் இறுகிய மூலக்கூறு, மறுமுனையில் உலோக மீக்கடத்திகளில் உள்ளதுபோலத் தளர்ந்த ஜோடி. சுமார் 832 காஸ் புலத்தில், நடுவே, இடைவினை உச்சத்தில் இருக்கும். சுருட்டு வடிவத் துளியில் பாதிக்கு லேசர் காட்டி, கட்டத்தைப் பதித்தார்கள். குறுக்கே ஒரு கோடு தோன்றியது. பொறிக்குள் முன்னும் பின்னுமாக ஊசலாடியது.

ஆனால் அநியாயத்துக்கு மெதுவாக. ஊசலின் காலத்தைவைத்து நிறையைக் கணக்கிட்டபோது, உள்ளே குறைந்துபோன அணுக்களின் நிறையைப்போல 200 மடங்குக்கும் மேல் வந்தது. கோட்பாடு எதிர்பார்த்ததைவிட 50 மடங்குக்கும் மேல் அதிகம். 2013-ல் நேச்சர் இதழில் ‘கனமான சாலிட்டான்கள்’ என்று தலைப்பிட்டு வெளியிட்டார்கள். வலுவான குவாண்டம் ஏற்ற இறக்கங்களின் அடையாளம் இது என்று வாதிட்டார்கள்.

கோட்பாட்டாளர்கள் உடனே மூக்கை நீட்டினார்கள். சியாட்டிலில் ஆரல் புல்காக்கின் குழு மீக்கணினியில் அதே சோதனையை நடத்திப் பார்த்து, நீங்கள் பார்த்தது தாளாக இருக்க முடியாது, அது சுழல் வளையம் என்றது. வளையம் மெதுவாகவே நகரும். கனமாகத் தெரிவதற்கு அதுவே போதும்.

குழப்பத்தின் வேர் கேமராவில் இருந்தது. குளிர்வாயுவைப் படமெடுப்பது என்றால் துளியின்மேல் ஒளியைப் பாய்ச்சி அதன் நிழலைப் பதிவு செய்வது. ஒளி துளி முழுவதையும் ஊடுருவிப் போவதால், ஆழத்தில் உள்ள விவரம் எல்லாம் ஒரே படத்தில் கூட்டித் தெரியும். நீண்ட துளியைக் குறுக்கே கடக்கும் ஒற்றைச் சுழற்கோடு, படமெடுப்பதற்காகத் துளியை விரியவிடும்போது தன்னைச் சுற்றிக் குறுக்குப் பட்டையாகப் பள்ளம் பறித்துவிடும். கூட்டிய நிழலில் அது தாள்போலவே இருக்கும். இதோடு ஒவ்வொரு படமும் அந்தத் துளியை அழித்துவிடுகிறது. அடுத்த கணத்தைப் பார்க்க வேண்டுமானால் புதிதாக இன்னொரு துளியைக் குளிர்வித்து, கட்டம் பதித்து, கொஞ்சம் கூடுதல் நேரம் காத்திருந்து எடுக்க வேண்டும். ஒரு ‘ஊசலாட்டம்’ என்று வரைபடத்தில் இருப்பது பல துளிகளின் கடைசிப் படங்களைச் சேர்த்துக் கோத்தது.

2014-ல் எம்.ஐ.டி. குழு துளியை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துப் படமெடுத்தது. அடுக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது தாளும் இல்லை, வளையமும் இல்லை. துளியைக் குறுக்கே கடந்து இரு ஓரங்களையும் தொட்டு நிற்கும் ஒற்றைச் சுழற்கோடு இருந்தது. மெல்லிய குழாயில் அடைபட்டதால் சாலிட்டானைப்போல நடிக்கும் சுழல் அது. யோவாகிம் பிராண்டும் வில்லியம் ரைன்ஹார்ட்டும் அப்படி ஒன்று இருக்க முடியும் என்று 2002-லேயே எழுதியிருந்தார்கள். அதற்குரிய நிறையைப் பாய்ம இயக்கவியலால் கணக்கிட்டபோது அளவீட்டோடு பொருந்தியது. புதிர் ஏதும் மிஞ்சவில்லை. இத்தாலியின் டிரென்டோவிலும் இதே கதைதான்: சோடியம் வாயுவைச் சட்டென்று குளிர்வித்து அதில் சாலிட்டான்கள் தோன்றியதாக 2013-ல் அறிவித்த குழு, அவை சுழற்கோடுகள் என்று 2014-ல் தானே திருத்திக்கொண்டது. எம்.ஐ.டி. கட்டுரையும் டிரென்டோ கட்டுரையும் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸின் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. இரண்டு குழுக்களுமே தங்கள் அறிவிப்பைத் தாங்களே போய்ச் சோதித்தன என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வேறொருவர் நிரூபித்து அவமானப்படுத்தும் வரை காத்திருப்பவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு.

அப்படியானால் லேசர் பதித்தது என்ன ஆனது? அரைச் சுற்றுத் தாவல் ஒரு தாளைத்தான் உண்டாக்கும், ஒற்றைக் கோட்டை அல்ல. இடையில் நடந்ததைத் தேடி மார்க் கூ, பிஸ்வரூப் முகர்ஜி, தாரிக் யெஃப்சா, ஸ்வியர்லைன் நால்வரும் கட்டம் பதித்த முதல் கணத்திலிருந்து அடுக்கடுக்காகப் படமெடுத்தார்கள். 2016-ல் வெளியான அந்தத் தொடர்தான் ஒரு சாலிட்டானின் மரணத்தை ஆரம்பம் முதல் இறுதி வரை காட்டுகிறது. முதலில் நேரான தாள். பிறகு அது நெளிகிறது. நெளிந்த தாளில் துளை விழுகிறது. துளை விரிந்து சுழல் வளையமாகிறது. வளையம் ஓரத்தில் மோதி உடைகிறது. கடைசியில் ஒரே ஒரு சுழற்கோடு மிஞ்சி நிற்கிறது. இடையில் சில படங்களில் வளையமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடுமாக, கிரேக்க எழுத்து ஃபை வடிவில் ஓர் உருவமும் தென்பட்டது. 2013-ல் பார்த்தது இந்த நாடகத்தின் கடைசிக் காட்சி. முன்காட்சிகள் வேகமாக முடிந்துவிட்டிருந்தன.

இத்தகைய உடைவைப் பார்க்க எம்.ஐ.டி. போன்ற ஆய்வகம் கட்டாயம் இல்லை. குரோஸ்–பிட்டயெவ்ஸ்கி சமன்பாடு மடிக்கணினியில் ஓடும். அதற்கான நிரல்களை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பவுல்சாமி முருகானந்தம். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பணியாற்றிய சாதன் குமார் அதிகாரியோடு சேர்ந்து 2009-ல் அவர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் நிரல்கள் இந்தத் துறையில் கிட்டத்தட்டப் பொதுச்சொத்து. பின்னர் பெல்கிரேடு குழுவும் சேர்ந்து சி மொழி வடிவத்தையும் கொண்டுவந்தது. பொன்முடி அடிவாரத்தில், விதுராவில் இருக்கும் திருவனந்தபுரம் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனத்தின் மாணவரோ, காரியவட்டம் வளாகத்தில் எம்.எஸ்ஸி. படிப்பவரோ ஒரு மாலையில் அதை இறக்கி ஓட்டலாம்.

ஓட்டினால் முதல் நாளே ஒரு பொறியில் கால் வைப்பார்கள். ஒரு பரிமாண நிரலில் சாலிட்டானைப் போட்டால் அது சாகவே சாகாது. சரி, இரண்டு பரிமாணம். அப்போதும் தாள் ஆடாமல் அசையாமல் நிற்கும். பாடப்புத்தகம் சொன்ன நெளிவு எங்கே என்று சந்தேகம் வரும். நேரான தாளைத் துல்லியமாக நேராகவே தொடக்கினால் அதைத் தள்ளிவிட எதுவும் இல்லை. கணினியின் எண்களில் பதினாறாவது இலக்கத்தில் ஏற்படும் வட்டமிடல் பிழை ஒன்றுதான் அதை நெளியவைக்க முடியும். நெளிவு அடுக்கேற்றமாக வளர்வதால், அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர வளர்ச்சிக் காலத்தைப்போல 37 மடங்கு நேரம் ஆகும். ஆரம்பத்திலேயே ஒரு சதவீத இரைச்சலைக் கலந்துவிட்டால் நாலரை மடங்கிலேயே தாள் உடைந்துவிடும். உண்மையான ஆய்வகத்தில் இரைச்சலை யாரும் கலக்க வேண்டியதில்லை. லேசர் கற்றையின் ஓரத்திலேயே அது போதுமான அளவு இருக்கிறது.

நெளிவை அடக்க முடியுமா என்ற கேள்விக்கு நம்பிக்கையான விடை ஒன்றைத் தந்தவர்களில் இன்று புனே ஐசரில் இருக்கும் ரெஜிஷ் நாத் ஒருவர். ஹானோவரில் பெட்ரி, சாந்தோஸ் இருவரோடும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரையில், அணுக்கள் தொட்டால்தான் ஒன்றையொன்று உணரும் சாதாரண வாயுவில் அகன்ற இருட்டுத் தாள் ஒருபோதும் நிலைக்காது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குகிறார்கள். அணுக்களே சின்னஞ்சிறு காந்தங்களாக இருந்தால் நிலைமை மாறுகிறது. தொலைவிலிருந்தே ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் விளையாடும் அத்தகைய வாயுவில், தாளின் தளத்தில் ஒளியாலான ஒரு பின்னலையும் விரித்து, இரண்டின் வலிமையையும் சரியான எல்லைக்குள் வைத்தால் முப்பரிமாணத்திலும் தாள் நேராக நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. காந்தத்தன்மை மிகுந்த அணுக்களில் முதலில் செறிபொருளானது குரோமியம், ஸ்டுட்கார்ட்டில், 2005-ல். அதைவிட வலுவான டிஸ்ப்ரோசியம் 2011-லும் எர்பியம் 2012-லும் வந்து சேர்ந்தன. முருகானந்தமும் கூட்டாளிகளும் காந்த அணுக்களுக்கான நிரலையும் 2015-ல் தனியாக வெளியிட்டிருக்கிறார்கள்.

லித்தியத்தின் கதை இவ்வளவு எளிதில் மடிக்கணினிக்குள் அடங்காது. ஜோடிகள் தாளின் வெற்றிடத்தில் உடைந்து, தனி அணுக்களாகப் பிரிந்து அங்கே தங்கிவிடக்கூடும். ஒரே அலைச் சமன்பாட்டுக்கு இதெல்லாம் தெரியாது. தாளில் துளை விழும் அந்தக் கணத்தை விவரிக்க பாய்ம இயக்கவியல் போதாது, ஜோடிகளின் நுண்கணக்கே வேண்டும் என்று 2016-ன் கட்டுரையிலேயே மார்க் கூவும் நண்பர்களும் எழுதிவைத்திருக்கிறார்கள்.